தூத்துக்குடியில் கடல் ஹேக்கத்தான்: 25 லட்சத்தை எப்படிக் கேட்பது, எங்கே செலவழிப்பது?

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் புத்தாக்க மையத்தில் வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடல், கடற்கரைத் தொழில்களின் சிக்கல்களுக்குத் தீர்வு தேடி 36 மணி நேர ஹேக்கத்தான் (மாணவர்கள் அணிகளாகச் சேர்ந்து ஒரே மூச்சில் தீர்வு உருவாக்கும் போட்டி) நடத்தப் போகிறோம். ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் என்னும் சமூகப் பொறுப்பு நிதியில் 25 லட்சம் வரை தரலாம் என்கிறது. எப்படிக் கேட்க வேண்டும்? பரிசுத்தொகை எவ்வளவு வைக்கலாம்? வேறு எங்கெல்லாம் பணம் கிடைக்கும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 36 மணி நேரத்துக்கு 6 லட்சத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு 4 லட்சம். முடிந்த பிறகு வரும் ஒன்பது மாதங்களுக்கு 12 லட்சம். மீதி 3 லட்சம் கையிருப்பு. கம்பெனியிடம் "ஹேக்கத்தானுக்குப் பணம் கொடுங்கள்" என்று கேட்காமல் "ஓராண்டுத் திட்டத்துக்குப் பணம் கொடுங்கள், அதன் நடுவில் ஒரு ஹேக்கத்தான் வருகிறது" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பதற்குச் சட்டப்படியும் காரணம் இருக்கிறது, கடற்கரையிலும் காரணம் இருக்கிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு வரம்பைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இது பலருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, கம்பெனி விவகார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட 21ஆம் எண் சுற்றறிக்கை. மாரத்தான், விருது விழா, விளம்பரம், டிவி நிகழ்ச்சிக்கான ஸ்பான்சர்ஷிப் போன்ற ஒருமுறை மட்டும் நடக்கும் நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் செலவாகக் கணக்கில் வராது என்று அது சொன்னது. அதற்குப் பதிலாக 2021இல் புதிய விளக்கங்கள் வந்துவிட்டன. தங்கள் பொருளுக்கு விளம்பர ஆதாயம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பையும் சிஎஸ்ஆர் விதிகள் விலக்கி வைத்திருக்கின்றன. ஆகவே "மேடையில் உங்கள் லோகோ பெரிதாக இருக்கும்" என்று எழுதிய கடிதம் போனால், சட்டம் தெரிந்த சிஎஸ்ஆர் மேலாளர் அதை அப்படியே ஓரமாக வைத்துவிடுவார். மார்க்கெட்டிங் பட்ஜெட்டிலிருந்து தரலாம்தான். ஆனால் அது ஸ்பான்சர்ஷிப் சேவை ஆகி 18 சதவீத ஜிஎஸ்டி கேள்வியைக் கொண்டுவரும். தொகையும் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

திட்டமாக எழுதினால் வழி திறக்கிறது. சட்டத்தின் 7ஆம் அட்டவணையில் வாழ்வாதார மேம்பாடு, தொழில்திறன் கல்வி, சுற்றுச்சூழல் மூன்றும் இருக்கின்றன. உங்கள் வேலை அவற்றில் நேராகவே பொருந்தும். 'தொடர் திட்டம்' என்று கம்பெனியின் போர்டு ஏற்றுக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை அதை நீட்டிக்கலாம். அந்த ஆண்டில் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்கவும் இடமிருக்கிறது. மார்ச் 31க்குள் எல்லாவற்றையும் செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் டீ-ஷர்ட், பை, எல்இடி திரை என்று பணம் கரைகிறது. தொடர் திட்டம் என்றால் அந்த அவசரம் இல்லை. உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டப்படி 12ஏ, 80ஜி பதிவும், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 எண்ணும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சிஎஸ்ஆர்-1 பதிவு 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அது இல்லாமல் பேச்சுவார்த்தையைத் தொடங்கினால் இரண்டு மாதம் வீணாகும்.

இப்போது கரைக்கு வருவோம். நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

கடல் சார்ந்த ஹேக்கத்தான் என்றதும் ஒவ்வொரு முறையும் இரண்டு யோசனைகள் தவறாமல் வரும். ஒன்று, மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலி. இன்னொன்று, இடைத்தரகர் இல்லாமல் மீன் விற்கும் செயலி. முதலாவது வெகுகாலமாகவே இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவிலிருந்து கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் பார்த்து மீன் கூடும் பகுதிகளைச் சொல்லிவருகிறது. அதைத் தமிழில் கைபேசிக்குக் கொண்டுவரும் வேலையை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃபிரண்ட் செயலி பல ஆண்டுகளாகச் செய்கிறது. இருபது வயது மாணவர்கள் இரண்டு ராத்திரி விழித்திருந்து அதையே திரும்பச் செய்வதற்கு யாருடைய பணமும் செலவாகக் கூடாது.

இரண்டாவது யோசனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரேஸ்புரம் கரையில் வள்ளம் வந்து ஒதுங்குகிறது. கூடை இறங்குகிறது, ஏலக்காரர் விலை கூறுகிறார், சில நிமிடத்தில் மீன் கைமாறிவிடுகிறது. பார்க்கிற மாணவருக்கு, "இவருக்கு விலை தெரியவில்லை, கைபேசியில் விலையைக் காட்டினால் நல்ல லாபம் கிடைக்குமே" என்று தோன்றும். அந்த மீனவருக்கு விலை நன்றாகவே தெரியும். வலை வாங்கவும் இன்ஜின் பழுது பார்க்கவும் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். அந்தக் கடன் தீரும்வரை மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கும் ராத்திரி ஆஸ்பத்திரிக்கும் பணம் கொடுக்கப்போவது அதே வியாபாரிதான். செயலியில் கூடுதல் விலை கேட்கும் மதுரை ஓட்டல் அதைச் செய்யாது. அப்படியானால் இங்கே தீர்க்க வேண்டியது கடன். பிடிபட்ட மீனின் பதிவேட்டை வைத்து ஒரு கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ சிறுகடன் கொடுக்க முடியுமா, அந்தப் பதிவேட்டை எழுத்துவேலை இல்லாமல் குரலில் பதிய முடியுமா என்று கேள்வி மாறினால் அது நல்ல கேள்வி. முன்பணம் என்ற ஒன்று இருக்கிறது என்பது கரையில் ஒரு விடியற்காலை உட்கார்ந்தால்தான் தெரியவரும். நான் கேட்கும் முதல் 4 லட்சம் இதற்குத்தான்.

அந்த 4 லட்சத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு ஒருங்கிணைப்பாளரை வையுங்கள். மீனவக் குடும்பத்திலிருந்து படித்து வந்த பெண்ணோ பையனோ கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. திரேஸ்புரம், தருவைகுளம், புன்னக்காயல், பெரியதாழை மாதிரி நான்கைந்து ஊர்களிலும் உப்பளங்களிலும் உட்கார்ந்து பேசி, எட்டு முதல் பத்து சிக்கல்களை ஒவ்வொரு பக்கமாக எழுதி வரட்டும். ஊர்க் கமிட்டியையும் பங்குத்தந்தையையும் முதலில் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பிக்க வேண்டும். பேச வருபவர்களுக்குக் காசு கொடுங்கள். ஒருவர் அரைநாள் உங்களோடு உட்கார்ந்தால் அவருக்கு அரைநாள் தொழில் போகிறது. பேராசிரியருக்கு மதிப்பூதியம் கொடுத்துவிட்டு, நாற்பது வருடம் கடலுக்குப் போனவருக்கு ஒரு சால்வையோடு முடித்துக்கொள்வது நியாயமில்லை. ஒரு நாளுக்கு 1,500 ரூபாய் என்று பட்ஜெட்டில் தனி வரியாகவே எழுதுங்கள். நிதி கொடுப்பவர் யாரும் அதை மறுத்து நான் பார்த்ததில்லை.

நல்ல சிக்கல் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உப்பளத்திலிருந்து ஒரு உதாரணம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. பாத்தியில் உப்பு விளைந்து வாரும் பருவத்தில் ஒரு கோடைமழை ஒரு மணி நேரம் கொட்டினாலும் பல நாள் வேலை கரைந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பும் போனது. அந்த மாதிரிப் பெருமழைக்கு மாணவர்கள் பதில் சொல்ல முடியாது. ஆனால், "எங்கள் அளத்துக்கு நேராக அடுத்த ஆறு மணி நேரத்தில் மழை வருமா? வரும் என்றால் விளைந்தவரை இப்போதே வாரிவிடலாமா, இல்லை பொறுக்கலாமா? தவறாகச் சொல்லி ஆளைக் கூப்பிட்டால் ஒரு நாள் கூலி நஷ்டம். சொல்லாமல் விட்டால் பாத்தி நஷ்டம்" என்று எழுதினால் அதில் இடம், நேரம், இரண்டு பக்க நஷ்டம் எல்லாம் வந்துவிடுகிறது. சின்ன வானிலைக் கருவி, ரேடார் படம், ஒரு தானியங்கிக் குரல் அழைப்பு என்று மாணவர் யோசிக்கத் தொடங்கலாம். "உப்புத் தொழிலை நவீனப்படுத்துக" என்று எழுதிக் கொடுத்தால் அழகான ஸ்லைடு மட்டும்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு குறிப்பிலும் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஏற்கெனவே என்ன இருக்கிறது, விலை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், அது எங்கே உட்காரும். வள்ளத்தில் கருவி வைக்க இடம் என்பது ஓர் ஐஸ்பெட்டி அகலம்கூட இல்லை. உப்புத்தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும். கைபேசி பாலித்தீன் கவரில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியிருக்கும். ஈரவிரலால் தொடுதிரை கேட்காது. இன்ஜின் சத்தத்தில் அறிவிப்பு மணி காதில் விழாது. கரையைவிட்டுக் கொஞ்சம் போனதும் சிக்னலும் இல்லை. இந்த ஆறு வரியைக் குறிப்பில் எழுதிக் கொடுத்தாலே பாதி வெற்று யோசனைகள் முதல் நாளே உதிர்ந்துவிடும்.

சில சிக்கல்களை ஹேக்கத்தானுக்குக் கொண்டு வரவே கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கல் தொழிலுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து போயிருந்த படகுகள் ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இழப்புக்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ஜெமினி கருவியை இன்காய்ஸ் 2019இல் கொண்டு வந்தது. செயற்கைக்கோள், அலைவரிசை, அரசு அனுமதி எல்லாம் சேர்ந்த வேலை அது. ஒரு வாரக்கடைசியில் அதற்குத் தீர்வு கண்டுபிடிப்போம் என்று மேடையில் சொல்வது, பறிகொடுத்த குடும்பங்களுக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது. வந்த எச்சரிக்கையை வீட்டில் இருக்கும் பெண்களுக்கும் ஊர்க் கோயில் ஒலிபெருக்கிக்கும் எப்படி உடனே கொண்டுசேர்ப்பது என்பதைக் கேளுங்கள். அது மாணவர்களால் முடியும்.

சிக்கல்களை முன்கூட்டியே எழுதி வாங்குவது புதிதல்ல. பிரான்சின் பிரெஸ்ட் நகரில் 2016இல் தொடங்கிய 48 மணி நேர ஓஷன் ஹேக்கத்தானில் முதலில் சவால்களைக் கேட்டு வாங்கி, அவற்றுக்கு வேண்டிய கடல் தரவுகளைத் தயார்செய்து, பிறகுதான் அணி சேர்க்கிறார்கள். நம் ஊரில் 2017 முதல் நடக்கும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானிலும் அமைச்சகங்கள் சிக்கல்களை எழுதிக் கொடுக்கின்றன. உங்களுக்குத் தரவு வேண்டுமானால் தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கிறது. இரண்டு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள்.

நிகழ்ச்சிக்கான 6 லட்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபது அணி, நூறு மாணவர், நாற்பது மற்றவர் என்று வைத்தால் இரண்டு நாள் சாப்பாடு ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கும். வெளியூர் மாணவர்களின் பயணமும் தங்குமிடமும் ஒன்றேகால். சென்சார், போர்டு, பேட்டரி, கருவிகளுக்கு ஒன்றரை லட்சம். வழிகாட்டிகளின் பயணத்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 75 ஆயிரம். அரங்கம் கல்லூரியுடையது. பரிசு மொத்தம் 1 லட்சம் போதும். பரிசை ஏற்றினால் தரம் ஏறும் என்பது பொய்க்கணக்கு. பெரிய பரிசுக்கு ஊர் ஊராகப் போகும் அணிகள் ஒரே ஸ்லைடில் தலைப்பை மட்டும் மாற்றிக்கொண்டு வருவார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பரிசுக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா, எவ்வளவு என்று ஆடிட்டரிடம் முன்பே கேட்டு, விண்ணப்பப் படிவத்திலேயே போட்டுவிடுங்கள். ஜூரியில் பாதிப் பேர் மீன்பிடிப்பவர், மீன் விற்கும் பெண், உப்பளத் தொழிலாளி என்று இருக்கட்டும். அவர்களுக்கும் அதே மதிப்பூதியம்.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், படகுகள் மராமத்தில் ஏறியிருக்கும், மாணவர்கள் ஏறிப் பார்க்கலாம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவர்கள் கடலில் இருப்பார்கள். இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்கள் நிறைய. ஆகவே ஜூன் தொடக்கத்தில், செமஸ்டர் தேர்வு முடிந்த பிறகு, சனி ராத்திரியும் ஞாயிறும் சேர்ந்து வரும்படி வையுங்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. அந்த நாட்களில் ஊரில் யாரையும் எதற்கும் கூப்பிட முடியாது.

சரி, பெரிய பங்கான 12 லட்சத்துக்கு வருகிறேன். வழக்கமாக ஹேக்கத்தான் முடிந்த திங்கட்கிழமை எல்லோரும் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். மாதிரிக் கருவி ஆய்வகத்து அலமாரியில் தூங்கும். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. கடலில் ஒரு நாள் சோதனை என்றால் படகு, டீசல், இரண்டு ஆள் கூலி, அன்றைக்குப் போன தொழில் எல்லாம் செலவு. மாணவர் கையில் அது இல்லை. எனவே மூன்று அணிகளைத் தேர்ந்தெடுத்து அணிக்கு 3 லட்சம், மூன்று தவணையாகக் கொடுங்கள். முதல் லட்சம் உடனே. இரண்டாவது, கருவி உண்மையான படகிலோ அளத்திலோ ஏறி வேலை செய்த பிறகு. மூன்றாவது, அதைப் பயன்படுத்திய ஐந்து பேர் "இதை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்கிறோம்" என்று சொன்ன பிறகு. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அந்த அணியை நிறுத்திவிடலாம். மிச்சமாகும் லட்சம் அடுத்த அணிக்குப் போகட்டும். மீதி 3 லட்சம் பொதுச் செலவு: படகு வாடகை, மீனவர்களின் நாள் ஊதியம், அதே ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தில் ஒரு பங்கு. கையிருப்பு 3 லட்சத்தைத் தொடாமல் வைத்தால், மழையில் தேதி தள்ளிப்போனாலும் கருவி கடலில் விழுந்தாலும் சமாளிக்கலாம்.

இந்த ஒன்பது மாதம் தாண்டி நிற்கிற அணிக்கு அரசுப் பணம் இருக்கிறது. மாதிரிக் கருவி செய்ய மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'நிதி பிரயாஸ்' என்ற திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கும். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனத்தின் டான்சீட் திட்டத்திலும் 10 லட்சம் வரை உண்டு, பசுமைத் தொழில், பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் அதற்கு மேலும். மீன்வளத்துக்கென்று 2020இல் 20,050 கோடி ரூபாயில் தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டம் இருக்கிறது, மாநிலத்தில் உலக வங்கி உதவியோடு கடற்கரை மீட்புக்கான டிஎன்-ஷோர் திட்டம் இருக்கிறது. இவை எதுவும் ஹேக்கத்தான் செலவுக்குத் தரமாட்டார்கள், அதற்காக அலைய வேண்டாம். ஆனால் கடல் சோதனை அறிக்கை கையில் இருக்கும் அணியின் விண்ணப்பம் மற்றதிலிருந்து தனியாகத் தெரியும். வெளிநாட்டு அமைப்பு பணம் தருகிறேன் என்றால், கல்லூரி அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால் மட்டும் பேசுங்கள். அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிவிட 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை.

யாருடைய பணம் என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் ஓர் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் உயிரிழந்த ஊர் இது. பேனரில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் மீனவர்கள் முதலில் பார்ப்பார்கள். கடலுக்கோ கரைக்கோ கழிவு விடுவதாக அந்த ஊர்க்காரர்கள் புகார் சொல்லிவரும் கம்பெனியின் பணத்தை வாங்கினால், ஒருங்கிணைப்பாளர் கரையில் கால் வைக்க முடியாது. 25 லட்சமும் வீண். எம்ஓயு என்னும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுவதற்கு முன்பு, நீங்கள் வேலை செய்யப்போகும் ஊர்க் கமிட்டிகளிடம் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எம்ஓயுவில் இரண்டு வரி கட்டாயம் வேண்டும். கண்டுபிடிப்பின் உரிமை மாணவர்களுடையது. மீனவர்களிடம் வாங்கிய தரவு, குறிப்பாக அவர்கள் மீன்பிடிக்கும் இடங்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் போகாது. பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பருவத்தில் எந்த மீன் அங்கே வரும் என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அப்பா மகனுக்குச் சொல்லித்தருவது. அதை வரைபடத்தில் புள்ளி வைத்து வெளியிட்டால் அடுத்த வாரம் அங்கே வேறு வலைகள் நிற்கும்.

கம்பெனிகள் அடுத்த நிதியாண்டுக்கான சிஎஸ்ஆர் திட்டத்தை மார்ச், ஏப்ரல் வாக்கில் முடிவு செய்வது வழக்கம். ஜூனில் நிகழ்ச்சி என்றால் முந்தைய நவம்பரிலேயே திட்டக் குறிப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். முதல் 4 லட்சத்தை மட்டும் நடப்பு ஆண்டிலேயே தரமுடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னத் தொகைக்குச் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும், ஊர்களில் பேசும் வேலையை ஜனவரியில் தொடங்கிவிடலாம். நான்கு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்: ஒரு பக்கம் திட்டம், ஒரு பக்கம் மாதவாரியாக வேலை, ஒரு பக்கம் பட்ஜெட், ஒரு பக்கம் ஒரே ஒரு சிக்கல் குறிப்பு மாதிரிக்கு. எழுதி முடித்ததும் பட்ஜெட் பக்கத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.